கால் இல்லாத பறவை

தாராவியில் படச்சட்டம் போடும் ஆபிரகாமின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முருகனோ மாதாவோ, தொட்டுக் கும்பிட்டே பாதம் தேய்ந்துபோன பழைய படம் வந்தால், சின்ன பிரஷ்ஷால் பாதத்தை வரைந்து சேர்த்த பிறகுதான் கண்ணாடி ஏறும். பாதமில்லாத படத்தை எந்த வீட்டில் மாட்டுவார்கள்? போன வருஷம் அவர் மச்சினன் சாஜன், அழுக்கெடுக்கிறேன் என்று ஈரத்துணியால் தேய்த்து ஒரு லட்சுமியின் பாதத்தையே அழித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் துணியை நனைத்தாலே ஆபிரகாம் ஓடிவந்து பிடுங்கிவிடுவார்.

அவர் குர்லாவுக்கு மரம் வாங்கப் போயிருந்த நேரத்தில், மாட்டுங்கா ஷ்யாமளா மேடம் ஒரு தாளைக் கொடுத்துப் போயிருந்தார். நானூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய தாள். ஆபிரகாம் திரும்பி வரும்போது சாஜன் அதை அட்டையில் பொருத்தி வைத்திருந்தான். மஞ்சள் தோகை வழியும் பறவை. பக்கத்தில் ஒரு துலிப் பூ. பறவைக்குக் கால் இல்லை.

பூவுக்கு வேர் வரைக்கும் வரைந்தவன் பறவைக்குக் காலை விடுவானா?

"என்னலே, கால எங்க?"

"வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு அத்தான். மாதா மேல சத்தியம்."

மாதாவை இழுத்ததும் சந்தேகம் இன்னும் முற்றியது. ஆபிரகாம் துணியை எடுத்து வெளிச்சத்தில் விரித்தார். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. டீக்கறை என்று சாஜன் சொன்னான். அவர் மோந்தே பார்த்தார். டீ வாசனைதான், வண்ணக்கறையை மறைக்க அதையும் இவனே ஊற்றியிருப்பான் என்று தோன்றியது.

சாஜன் துணியை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கிப் போனான். வாஷியில் வேறொரு கடையில் சேர்ந்துவிட்டதாக மனைவி சொன்னாள். சொன்னதோடு சரி, அப்புறம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆபிரகாம் பொறுமையாக இரண்டு கால்கள் வரைந்தார், நகம் உட்பட. கண்ணாடியும் ஏற்றினார்.

படத்தைப் பார்த்த ஷ்யாமளா மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குக் கால் போட்டது யாரு? கிழக்குத் தீவுல இந்தப் பறவையைப் பிடிச்சவா காலை வெட்டிட்டு, தோலை மட்டும் கப்பல்ல ஐரோப்பாவுக்கு அனுப்பினா. வரைஞ்சவர் அதை உயிரோட பார்த்ததே இல்லை. காலே கிடையாதுன்னு நம்பிட்டார். அந்தத் தப்புக்காகத்தான் என் மாமனார் இதைப் பொக்கிஷமா வச்சிருந்தார்!"

ஆபிரகாமுக்கு உடம்பெல்லாம் கூசியது. மேடம் போனதும் வாஷிக்குப் போன் போட்டார்.

"கால் கிடைச்சிட்டா அத்தான்?" என்றான் சாஜன்.

"கிடைச்சிட்டுலே. நாந்தான் வரைஞ்சேன். படத்துல முதல்லயே கால் கிடையாதாம்லே."



"நான் மாதா மேல சத்தியம் பண்ணேன்லா அத்தான்" என்று சொல்லிவிட்டு சாஜன் போனை வைத்தான்.