நான் மாற்றிக் கொடுத்த ரோஜா

1. லோரியில் இரண்டு நாள்

லோரி சீட்டுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்துத் திறந்தேன். அவிந்த கீரை வாடை அடித்தது. உள்ளே பத்து ரோஜாக் கட்டிங். இலைகள் கறுத்து, தண்டுகள் மஞ்சளாகியிருந்தன.

கிள்ளானுக்கு வெளியே ஒரு நர்சரியில் அப்போது எனக்கு இருபது வருட அனுபவம். பதியன், ஒட்டு, கட்டிங் எல்லாம் என் பொறுப்பு. வெட்டிய கட்டிங்கை அன்றைக்கே மணலில் நட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவனே நான்தான்.

பையிலிருந்த பத்தும் லீலா டீச்சருடையவை. ஓய்வுபெற்ற ஆசிரியை. கிள்ளானில் அவர் பிறந்து வளர்ந்த பலகை வீட்டை விற்றாயிற்று, இடிக்கப் போகிறார்கள். அவர் பூச்சோங்கில் அப்பார்ட்மெண்டுக்குக் குடிபோகிறார். வாசலில் நின்ற ரோஜா அவருக்கு வேண்டும். அடித்தண்டு மணிக்கட்டுத் தடிமன் இருந்தது. பிடுங்கினால் தாங்காது என்று கட்டிங் யோசனை சொன்னவன் நான்.

"மாசம் தவறாம பூக்கும் தம்பி. நான் ஸ்கூல் போன காலத்துலேருந்து நின்னதே இல்ல" என்றார்.

"பத்து எடுத்திருக்கேன் டீச்சர். அஞ்சாவது பிடிச்சிரும். கவலைய விடுங்க."

அது சீனாவிலிருந்து வந்த பழைய வகை. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும். இன்றைய ரோஜாக்கள் திரும்பத் திரும்பப் பூப்பதற்கு இந்தச் சீன வகையின் கலப்புதான் காரணம். எங்கள் நர்சரியில் அப்படி ஒரு செடி கிடையாது.

கட்டிங்கோடு திரும்பிய அன்றே பாஸ் பிடித்துக்கொண்டார். "மாணிக்கம், பூச்சோங் ஷோ ஹவுஸ் நாளைக்கு ஓப்பனிங் லா! புல்லு இன்னும் போடல. பையைக் கீழ வச்சிட்டு ஏறு!"

பையை நான் கீழே வைக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் போட்டேன். இரண்டு நாள் வெயிலில் மறந்தே போனேன்.

இருந்தும் நட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட வேர்விடவில்லை. மறுபடி வெட்டிவரலாம் என்று அந்த வீட்டுக்குப் போனால், ஜிங்க் தகரத்தால் சுற்றி அடைத்திருந்தார்கள். உள்ளே செம்மண்தான் இருந்தது.

2. "இடம் மாறினா அப்படித்தான்"

டீச்சருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கேமரன் மலையிலிருந்து வந்த சரக்கில் அதே ரோஸ் நிறத்தில், அதே அளவுப் பூவில் ஒரு புது வகையைத் தேடி எடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவர் பால்கனியில் கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்.

கொஞ்ச நாளில் போன் வந்தது.

"தம்பி, நம்ம செடியில வெயில் பட பட பூ செவக்கும். இது வெளுக்குதே?"

அவர் சொன்னது சரி. பழைய சீன ரோஜாவுக்கு வெயிலில் நிறம் ஏறும். இதற்கு இறங்கியது. உண்மையைச் சொல்ல இரண்டாவது வாய்ப்பு அது.

"மண்ணு வேற, காத்து வேற டீச்சர். இடம் மாறினா அப்படித்தான்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்."

3. ஓப்பன் ஹவுஸ்

மறுவருடம் தீபாவளிக்கு, தெரிந்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் ஓப்பன் ஹவுஸுக்கு டீச்சர் கூப்பிட்டார். போனேன். பால்கனியில் மைலோ டின்களில் வரிசையாகச் சின்னச் செடிகள். அவரே கட்டிங் போட்டு, அந்த வீட்டில் வளர்ந்த தங்கைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். "கலர் மாறும், பயப்படாதீங்க. நர்சரிக்காரரே சொல்லிட்டாரு" என்று என்னைக் காட்டினார்.

பக்கத்தில் அவருடைய தம்பி முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். "என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுண்ணே. அம்மா அந்தச் செடியிலேருந்து பதியன் போட்டுக் கொடுத்தது. போன மாசம் காடி நிறுத்தப் போர்ச் கட்டினோம், பிடுங்கிப் போட்டுட்டேன். அக்காகிட்டதான் நல்லா இருக்கே!"

கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்தேன். அன்றைக்கும் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த ஞாயிறு தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

டீச்சர் முதலில் தன் தம்பிக்குப் போன் போட்டு, பிடுங்கிய செடி எங்கே என்று கேட்டார். குப்பை லோரி எப்போதோ கொண்டுபோய்விட்டது.

"ஏன் தம்பி அன்னைக்கே சொல்லல?"

"பயந்துட்டேன் டீச்சர்."

"எனக்கா?"

தங்கைகளிடம் சொல்ல வேண்டாம் என்றார். "அவங்க சந்தோஷமா தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காங்க. விடுங்க." அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கட்டிங் யார் கையிலும் சாகும். என் கையில் செத்தவற்றுக்குக் கணக்கே இல்லை. செத்த அன்றே கஸ்டமருக்குப் போன் செய்யுங்கள். அன்று நான் செய்திருந்தால் டீச்சர் திட்டியிருப்பார். திட்டி முடித்ததும், "என் தம்பி வீட்ல ஒண்ணு இருக்கு, போய் எடுத்துக்குங்க" என்று சொல்லியிருப்பார்.