மச்சில் ரூம் கட்ட உத்தரவு

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம், சின்னசேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டிலேயே ஆரம்பித்தது இது. நான் ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் எங்காவது என்னை நல்லவளாகக் காட்டியிருந்தால் அது அவள் சேர்த்தது.

பேத்தியால் வந்த கதைதான் இது. அவளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. லீவு முடிய எழுபத்தைந்து நாள் இருக்கும்போது கம்பெனியில் இருந்து தகவல் வந்தது. ஒரு வருஷம் வீட்டில் இருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் கதவு போட்ட தனி ரூம் இருக்க வேண்டும், அதைப் போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் லீவு முடிந்த மறுநாளே ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். அவள் வீட்டுக்காரருக்கு மாறி மாறி ஷிப்ட். அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ரூம் இல்லையென்றால் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு அவள் மட்டும் போக வேண்டியதுதான்.

எங்களுடையது என் மாமனார் கட்டிய நாட்டு ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. கூடத்தில் தும்மினால் அடுப்படியில் இருப்பவள் நூறு வயசு என்பாள். தனி ரூமுக்கு எங்கே போவது? என் மகன் அண்ணாந்து பார்த்தான். கூடத்துக்கு மேலே பலகை அடித்த மச்சு இருக்கிறது, அதற்கு மேலே ஓடு. ஒரு காலத்தில் மல்லாட்டைக் கடலை, புளி, வெல்லம் எல்லாம் அங்கேதான் ஏற்றி வைப்போம். "மச்சையே ரூமா மாத்திடலாமே" என்றான். சொன்ன கையோடு அவனே வாயைப் பொத்திக்கொண்டான். ஏன் பொத்தினான் என்று பின்னால் சொல்கிறேன்.

ரிஷிவந்தியத்தில் இருந்து ஒரு மேஸ்திரி வந்தார். கீழே நின்றபடியே ஒரு கழியால் பலகையைத் தட்டிப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார். ஓட்டைப் பிரித்து இறக்க வேண்டும், பக்கச் சுவரை ரெண்டரை அடி ஏற்ற வேண்டும், செல்லரித்த உத்திரம் ஒன்றை மாற்ற வேண்டும், மறுபடி ஓடு வேய வேண்டும், ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஏறிப் போக இரும்புப் படி.

"இருவத்தஞ்சே நாளு ஆயா. இருவத்தாறாவது நாளு பாப்பா மேல குந்திக்கினு வேல பாக்கலாம்" என்றார்.

எழுபத்தைந்தில் இருபத்தைந்து போனால் ஐம்பது. அந்தக் கணக்கு எனக்கே வரும். எல்லோருக்கும் சந்தோஷம். மேஸ்திரி ஏறிப் பார்க்கலாம் என்று மர ஏணியில் கையை வைத்தார், வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஏணிக்காலில் மஞ்சள், குங்குமம், வாடாத சாமந்திப்பூ.

"இது இன்னாம்மா?" என்று என் மருமகளைக் கேட்டார்.

"மேல பூவாடைக்காரி இருக்காங்க அண்ணா. வெள்ளிக்கெழம தவறாம பூ வெக்கிறேன்" என்றாள் அவள்.

மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "உத்தரவு கேக்காம நான் ஒரு ஓட்டைத் தொடமாட்டேம்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

எங்கள் பக்கத்தில், பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணைக் குடும்பத்துக்குத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். அவள்தான் பூவாடைக்காரி. கல்யாணம் காட்சி என்றால் முதல் புடவை அவளுக்குத்தான். நல்ல வழக்கம். ஆனால் எங்கள் மச்சில் அப்படி யாரும் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அவளை அங்கே குடிவைத்தவள் நான்.

என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, ஏணியில் ஏறி வெல்லத்தைத் திருடித் தின்பார்கள். விழுந்து காலை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பயந்து, "மேல பூவாடைக்காரி இருக்காடா, பகல்ல தூங்குவா, எழுப்பினா கண்ணக் குத்துவா" என்று சொல்லி வைத்தேன். இதை நான் வெளியில் சொல்கிற காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு காரணம் உண்டு. அப்போது வீட்டில் எட்டுப் பேர். விடிந்தால் களத்துமேடு, பொழுது அடைந்தால் அடுப்பு. யாரும் என்னைக் கூப்பிட முடியாத இடம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. மத்தியானம் எல்லோரும் கண் அயர்ந்ததும் சத்தம் போடாமல் மேலே ஏறுவேன். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் ஒதுக்கிக்கொண்டு அரைமணி நேரம் காலை நீட்டிப் படுப்பேன். பலகை கிரீச்சென்றால் கீழே பிள்ளைகள், "பூவாடைக்காரி பொரள்றா" என்று ஓடிவிடுவார்கள். புரண்டது நான்தான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மருமகள் வந்து ரெண்டாம் வருஷம். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. அறுப்பு நேரம், நான் அனுப்பமாட்டேன் என்றுவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் நான் வழக்கம்போல் மச்சில் படுத்திருக்கிறேன். கீழே ஏணிக்குப் பக்கத்தில் யாரோ விசும்புகிற சத்தம். "தாயே, எங்கம்மாவ ஒருவாட்டி பாத்துட்டு வரணும். எங்க அத்த மனசு கல்லு. நீதான் கரைக்கணும்" என்று மருமகள் அழுகிறாள். வாயில் வெல்லம். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் அழுது முடித்துப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலையில், "போயி பத்து நாளு இருந்துட்டு வா" என்றேன். அவள் நேராக ஏணிக்காலில் போய் விழுந்து கும்பிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த பூதான். அவள் அக்கம்பக்கத்தில் சொல்ல, அவர்களும் வந்து வேண்டிக்கொள்ள, எனக்கு முழங்கால் வலி வந்து ஏறுவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆன பிறகும் மச்சு சாமி அமோகமாக இருந்தாள். என் மகன் ஏன் வாயைப் பொத்தினான் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, உத்தரவு கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து ஏணிக்கு முன்னால் போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் கேட்கலாம்.

முதல் வெள்ளி சிவப்பு. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆளே இல்லாத வீட்டில் வேண்டாம் என்று யார் சொல்வது? ரெண்டாவது வெள்ளியும் சிவப்பு. மூன்றாவது வெள்ளியும் சிவப்பு வந்தபோது நானே மச்சை அண்ணாந்து பார்த்தேன். ஒருவேளை நான் இறங்கிப் போன பிறகு நிஜமாகவே யாராவது குடிவந்துவிட்டாளோ?

மேஸ்திரி, "அவுங்களுக்கு இஷ்டமில்ல போல" என்று சொல்லிவிட்டு, களமருதூரில் வேறு ஒரு வீட்டு வேலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எழுபத்தைந்து நாள் கரைந்து முப்பத்தெட்டில் வந்து நின்றது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரே கும்பிட்டதைப் பொய் என்று சொல்ல வெட்கம். மருமகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அதைவிட வெட்கம்.

அந்த முப்பத்தெட்டு நாள் பாக்கி இருந்த அன்றைக்குக் காலையில் பேத்தி குழந்தைக்குப் பாட்டிலைப் பழக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை ரப்பரைத் துப்புகிறது, அம்மா பக்கம் முகத்தைத் திருப்புகிறது, மறுபடி துப்புகிறது. இவள் பாட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைக்கிறாள்.

"இன்னாத்துக்குடி இப்பவே?" என்றேன்.

"நான் போயிட்ட பொறவு பழக்கினா உங்களுக்குத்தான் ஆயா கஷ்டம். ரூமு ஆவாது. எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அன்றைக்கே மேஸ்திரியை வரவழைத்தேன். மகன், மருமகள், ரெண்டு சித்தாள், பூ எடுத்த சின்னப் பெண், எல்லோரையும் வைத்துக்கொண்டு, "மச்சுல ஒருத்தியும் இல்ல. வெல்லத்துக்காக நான் சொன்ன பொய்யி" என்று போட்டு உடைத்தேன்.

ஒருத்தரும் நம்பவில்லை.

"ஆயா, காரியம் ஆவணும்னு சாமிய இல்லன்னு சொல்லாத. வாய் அழுவிப்பூடும்" என்றார் மேஸ்திரி. சித்தாள்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் மகன், "அம்மாவுக்கு வயசாயிடுச்சி, இன்னாத்தயோ ஒளறுது" என்றான். வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ பொய்யை நம்பிய ஜனங்கள், ஒரு உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்கிறார்கள்.

மருமகள் மட்டும் அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். அன்றைக்கு ஏணிக்காலில் அவள் அழுததை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். மனசு கல்லு என்றதையும் சேர்த்துத்தான். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"மேல இருந்தது நீங்களா?"

"நாந்தாம்மா."

"அந்தப் பத்து நாளு அனுப்பிவெச்சது?"

"அதுவும் நாந்தான்."

அடுப்பை அணைத்தாள். அந்தப் பத்து நாளுக்கு அப்புறம் அவள் அம்மா அதிக நாள் இருக்கவில்லை. அது எனக்கும் தெரியும். திட்டுவாள் என்று நின்றேன். அழுவாள் என்று நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கா அந்த நல்ல புத்தி வந்திருக்கும்? அவதான் உங்க மனசுல பூந்து சொல்லியிருப்பா" என்றாள். என் வாயையே அடைத்த ஒரே ஆள் அவள்தான்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். எல்லோரும் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.

"மேல ஏறுங்க அத்த" என்றாள்.

"முட்டி ஒத்துக்காதும்மா."

"அன்னிக்கி ஒத்துக்கிச்சி இல்ல? ஏறுங்க."

அவள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினேன். மேலே இருட்டு, தூசி, எலிப் புழுக்கை. பலகையில் உட்கார்ந்தேன். அது கிரீச்சென்றது. கீழே சித்தாள் ஒருத்தி, "அம்மாடி!" என்றாள்.

மருமகள் ஏணிக்காலில் நின்று கைகூப்பினாள். யாரைப் பார்த்துக் கூப்பினாளோ, மேலே இருந்த எனக்கு அவள் முகம் தெரியவில்லை. "தாயே, எம் பொண்ணுக்கு இங்க ரூமு கட்டிக்கலாமா?"

"கட்டிக்கோங்கம்மா" என்றேன்.

"இன்னொண்ணு. எங்க அத்த இத்தினி வருஷமா என்னிய ஏமாத்திக்கினு இருந்துச்சி. அத இன்னா பண்றது?"

கீழே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் நேருக்கு நேர் நான் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. மாமியார் இல்லையா, கேட்கிற வழக்கமில்லை. இருட்டில் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்ததால்தான் அந்த வார்த்தை வந்தது.

"தப்புத்தாம்மா. ஒருவாட்டி பொறுத்துக்கோ."

பிறகு "சரி" என்றாள். மேஸ்திரி முண்டாசை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு, "உத்தரவு வந்துடுச்சி. ஓட்டப் பிரிங்க" என்றார். முதலில் பிரிக்க வேண்டியிருந்தது ஓட்டை இல்லை, என்னை. ஏறியவளுக்கு இறங்க முடியவில்லை. மகனும் சித்தாள்களும் சேர்ந்து நெல் மூட்டை இறக்குவது போல என்னை இறக்கினார்கள். அந்த வீட்டு வேலையில் முதல் நாள் முதல் வேலை அதுதான்.

மச்சைக் காலி செய்தபோது ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை, எறும்பு அரித்த வெல்லப் பானை ஒன்று வந்தது. மேஸ்திரி தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாமிக்குத் தலகாணி ஒசரமா வேணும் போலருக்குது ஆயா" என்றார்.

இறக்கும்போது ஓடு நிறைய உடைந்து, நாட்டு ஓட்டுக்காக ஊர் ஊராக அலைந்ததில் நாலு நாள் ஜாஸ்தி ஆனது. இருபத்தொன்பதாவது நாள் கதவு மாட்டினார்கள். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் பாக்கி. பேத்தி போட்டோ பிடித்து அனுப்பினாள். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மேல் ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரிகிறது என்கிறார்கள். நான் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை.

மருமகள் இப்போதும் வெள்ளிக்கிழமை பூ வைக்கிறாள், இரும்புப் படியின் முதல் படியில். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் மத்தியானத்தில் அரைமணி நேரம், "அத்த, சித்த நேரம் கண்ண மூடுங்க, உங்கள யாரும் கூப்பிடமாட்டாங்க" என்று எனக்குக் கூடத்தில் பாய் போட்டுவிடுகிறாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, மச்சை ரூமாக்க எத்தனை நாள் ஆச்சு என்று கேட்கிறார்கள். இருபத்தொன்பது நாள் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், மேலே ஏற்றி வைத்த ஒரே ஒரு பொய்யை இறக்க எனக்குப் பாதி ஆயுசு ஆனதை வெளி ஆட்களிடம் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.