பின்னால் வரும் வண்டி

தெருவே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் என் சின்ன மகள் மட்டும் சேற்றில் கார் ஓடுவதைப் பார்த்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலில் உலக ராலிப் போட்டியின் சுருக்கம் போடுவார்கள். ஒரு வாரம் பனி, ஒரு வாரம் காடு, ஒரு வாரம் வெறும் கல்லும் புழுதியும். திருப்பத்தில் கார் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டு வரும். ஓரத்தில் நிற்கும் ஜனங்கள் கடைசி நேரத்தில்தான் ஒதுங்குவார்கள். எழுந்து போய் மாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வந்து, அந்த ஆட்கள் தப்பித்தார்களா என்று கேட்பேன்.

"எந்த ஆளுங்க நைனா?" என்பாள், திரும்பாமலே. அதற்குள் அங்கே வேறு கார், வேறு காடு.

அவளுக்குப் பிடித்தவர் ஓட்டுகிறவர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் மடியில் உள்ள தாளைப் பார்த்து, வரப்போகும் திருப்பங்களை முன்கூட்டியே படித்துச் சொல்கிறாரே, அவர். அவர் சொல்வதை நம்பித்தான் மற்றவர் வண்டியைத் திருப்புகிறார். சொல்கிறவர் ரோட்டைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவர் யோசிப்பதில்லை. இதை ஒரு வேலை என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா என்று நான் மனைவியிடம் கேட்டேன். சமையல்கட்டிலிருந்து குக்கர் விசில்தான் வந்தது.

பெரியவளுக்குக் கல்யாணம் ஆனதும் சின்னவளுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. மாப்பிள்ளை சொந்தமாக வேன் வைத்து, பக்தர்களை எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு ஏற்றி இறக்குகிறவர். மலைப்பாதையின் வளைவுகள் அவர் கைக்குள் இருந்தன. ஒரு ஞாயிறு சாப்பிட வந்தவர், டிவி முன்னால் நின்றபடியே தட்டைக் காலி செய்தார். அதற்குப் பிறகு அவள் அவரைப் பாவா என்று கூப்பிடும் தொனியே மாறிவிட்டது. உறவு பின்னால் போய் கூட்டாளி முன்னால் வந்துவிட்டார்.

அவள் இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு இது டிவியோடு நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ராலிப் பைத்தியங்கள் எல்லாம் ஒரு இணையதளத்தில் கூடிச் சண்டை போடும். யார் எந்த அணிக்கு மாறுகிறார், எந்த நாட்டுப் போட்டி அட்டவணையிலிருந்து போகிறது, எந்த விதி அநியாயம். சண்டை எங்கள் வீட்டுக்கும் வரும். வண்டி கெட்டுப்போய் ஒதுங்கியவர்கள் மறுநாள் அபராத நேரத்தோடு திரும்ப ஓடலாம் என்று ஒரு விதி வந்தபோது, மாப்பிள்ளை அதைச் சுத்தமாக ஏற்கவில்லை. கவுந்தவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்றார்.

"அரியர் வெச்சிகினு அடுத்த செமஸ்டர் போறோமே, அது மாதிரி பாவா," என்றாள்.

"அதான் சொல்றேன். அதுவும் தப்புதான்."

இன்னொரு விதி என்னைப் பற்றியே எழுதினதுபோல இருந்தது. சோதனை இடத்துக்குத் தாமதமாகப் போனால் அபராதம் உண்டு. குறித்த நேரத்துக்கு முன்னால் போனால் அதைவிடப் பெரிய அபராதம். எனக்கு அரக்கோணத்தில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. ஓடாத ரயிலுக்குக்கூட முன்னால் போய் நிற்கிற ஆள். காலேஜ் பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே நான் முனையில் நிற்பதைப் பார்த்து அவள் இறங்கும்போதே, "நைனாவுக்கு இன்னிக்கும் பெனால்டி," என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

விதிப்புத்தகத்தை அச்செடுத்து வைத்திருந்தாள். அதை நான் அரக்கோணம் போகும் ரயிலில் எடுத்துப்போய்ப் படிக்க ஆரம்பித்தேன். விளையாட்டு ஆசையால் இல்லை. அடிபட்டால் என்ன செய்வார்கள் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஒவ்வொரு காரிலும் ஓர் அட்டை இருக்கவேண்டும். ஒரு பக்கம் பச்சையில் ஓகே, மறுபக்கம் சிவப்பில் எஸ்ஓஎஸ். வண்டி ரோட்டை விட்டுப் போனால், உள்ளே இருப்பவர்கள் நன்றாக இருந்தால், பின்னால் வரும் வண்டிக்குப் பச்சையைக் காட்டவேண்டும். பச்சையைப் பார்த்தவர் நிற்காமல் போகலாம். சிவப்பைப் பார்த்தால் கட்டாயம் நிற்கவேண்டும். எதுவுமே காட்டாமல் வண்டி அடிபட்டுக் கிடந்தாலும் நிற்கவேண்டும். படித்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. என்னைப்போல ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து முன்பே கவலைப்பட்டிருக்கிறான்.

மாப்பிள்ளை பழைய கார் ஒன்றை வாங்கி வந்தபோது அந்த மூச்சு போய்விட்டது. மலைமேல் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கோயமுத்தூர் பக்கமோ சென்னைப் பக்கமோ நடக்கும் சின்னப் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும், அதற்குப் பழக வேண்டும். அவர் ஓட்டுவார், இவள் படிப்பாள்.

பழகுவதற்கு இடமும் பார்த்து வைத்திருந்தார்கள். பொதட்டூர்பேட்டைக்குப் போகும் வழியில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மண்ரோடு. செங்கல் சூளைக்காரர்களுடையது. மழைக்காலத்தில் சூளைக்கு வேலை இல்லாததால் லாரியும் இல்லை, ஆளும் இல்லை. சூளைக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்கள். நான் முடியாது என்றேன். பெரியவள் அழுதாள். சின்னவள் அழவில்லை. விதிப்புத்தகத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள், எதிலாவது தப்பு இருந்தால் சொல்லு என்று.

நான் சொன்னேன். பச்சையும் சிவப்பும் காட்டுவதற்குப் பின்னால் ஒரு வண்டி வரவேண்டும். உங்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள்?

அவள் புத்தகத்தை மூடினாள். அப்படித்தான் நான் பின்னால் வரும் வண்டி ஆனேன், என் மொபெட்டோடு. அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். பச்சை காட்டினால் நான் நிற்கக்கூடாது. அழக்கூடாது, கத்தக்கூடாது. நேராகப் போய் முடியும் இடத்தில், தறிச் சத்தம் கேட்கிற முதல் வீட்டருகே, காத்திருக்க வேண்டும். போட்டி ரோட்டில் வண்டியை எதிர்த்திசையில் ஓட்டக்கூடாது என்பதும் விதி, அதையும் ஞாபகப்படுத்தினாள். சரி என்றேன். தினக்காலண்டரின் அட்டையை எடுத்து ஒரு பக்கம் பச்சைத்தாள், மறுபக்கம் சிவப்புத்தாள் ஒட்டினாள். ஆணியில் மாட்டுகிற ஓட்டை அப்படியே இருந்தது.

சனிக்கிழமைகளில் போனோம். அவர்கள் போய்ப் புழுதியோ சேறோ அடங்கியதும் நான் கிளம்புவேன். ஒவ்வொரு வளைவிலும் முதலில் கண் ஓரத்தைத்தான் பார்க்கும். ஓரத்தில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த வளைவு. முடியும் இடத்தில் அவர்கள் கார்மேல் சாய்ந்து, எந்தத் திருப்பத்தை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அருகில் போய் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, டீ வேண்டுமா என்று கேட்பேன்.

அன்று முந்தின இரவு மழை பெய்திருந்தது. மதகு தாண்டி ஒரு வலது வளைவு. வளைந்ததும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கார் கால்வாய்க்குள் முகம் குத்திக் கிடந்தது. பின்சக்கரம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம், ஆனால் அது என் பயத்தின் ஞாபகமாகவும் இருக்கலாம். அவள் ரோட்டோரத்தில் நேராக நின்று, இரண்டு கையாலும் அட்டையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்தாள். பச்சை. முகத்தில் ஒன்றுமே இல்லை. பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள்போல என்னைப் பார்த்தாள்.

நான் நிற்கவில்லை. கை ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே இருந்தது. அவளைத் தாண்டிப் போனேன். பெற்ற பிள்ளையைக் கால்வாய் ஓரத்தில் விட்டுவிட்டு ஒரு மனிதன் போகமுடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாப்பிள்ளையை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அவள் முதுகு தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பியிருந்தாள், நான் ஒழுங்காகப் போகிறேனா என்று பார்க்க. அட்டையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, பச்சையை ரோடு வரும் திசைக்கே காட்டிக்கொண்டிருந்தாள், அடுத்து யாராவது வந்தால் தெரியட்டும் என்று. எனக்குத் தெரிந்தது அதன் மறுபக்கம். சிவப்பு.

பிரேக் பிடித்தேன். மொபெட்டைத் திருப்பவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு வியப்பு. ஓரமாக ஸ்டாண்டு போட்டுவிட்டு நடந்தேன். பிறகு ஓடினேன். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது.

"ஓகேதானே காட்டினேன் நைனா? ஏன் நின்ன?"

"முன்னால பச்சை. தாண்டினப்புறம் கண்ணாடியில சிவப்பு."

"அது அட்டையோட பின்பக்கம்."

"செவப்பப் பாத்தா நிக்கணும். உன் புக்குலதான் போட்டிருக்குது."

"வண்டி திரும்பக் கூடாதுன்னும் போட்டிருக்குது."

"வண்டி அங்கதான் நிக்குது. நான் நடந்து வந்தேன்."

கால்வாய்க்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "மாமா கேக்கறது பாயிண்ட்டுதான்."

அவர் கரைச்சரிவில், இடுப்பளவு ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. பாவா ஓகேவா என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் ஆங் என்றிருக்கிறார். எங்கள் ஊரில் யார் என்ன கேட்டாலும் முதலில் வருகிற பதில் அது. சாப்டியா, ஆங். காய்ச்சல் விட்டுதா, ஆங். அந்த ஒரு ஆங்கை நம்பி இவள் மேலே ஏறி வந்து பச்சையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். நான் தோளைத் தொட்டதும் அவர் போட்ட சத்தத்தில் அவளுடைய முகம் மாறியது. அட்டை கையிலிருந்து விழுந்தது. அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நான் விழுந்த அட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தறி வீட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஆட்டோ கொண்டுவந்தார்கள். காரை அப்படியே விட்டுவிட்டு அவரை எலும்புக்குக் கட்டுப் போடும் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போனோம். தோள்பக்கத்துக் காறை எலும்பு விரிசல் விட்டிருந்தது. பெரியவள் எங்கள் மூவரிடமும் சில நாள் பேசவில்லை. என் மனைவி மட்டும், அவரைப் பார்த்த பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கண்ணாடியில் பார்க்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. தறி வீட்டருகே டீ சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இப்போதும் மொபெட்டில் போகும்போது ரோட்டைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆங் என்று சொல்ல வாய் வருவதில்லை.

மகள் அந்தத் தளத்தில் கேள்வியாகப் போட்டாள். ஊர், பெயர் எதுவும் சொல்லாமல். பச்சையைப் பார்த்துத் தாண்டிப்போன வண்டி, கண்ணாடியில் சிவப்பைப் பார்த்தால் நிற்கவேண்டுமா? பல நாட்டுக்காரர்கள் சண்டை போட்டார்கள். காட்டப்பட்ட பக்கம்தான் கணக்கு என்றார் ஒருவர். சந்தேகம் வந்தால் நில், இழந்த நேரத்தைப் பிறகு கேட்டு வாங்கு என்றார் இன்னொருவர். கூட வருகிறவர் ஓகே என்று சொல்வதை வாயில் கேட்டால் போதாது, கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது. எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக எழுதினவர் பின்னால் வந்தது உன் அப்பாவா என்று கேட்டிருப்பதாகச் சொன்னாள். நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன். இன்னும் எழுதவில்லை என்றாள்.

தோள் கூடியதும் மறுபடி கிளம்பினார்கள். நான் தடுக்கவில்லை. தடுப்பதற்கான வார்த்தைகள் எல்லாம் முதல் முறையே தீர்ந்துபோயிருந்தன. புறப்படும் இடத்தில் அவள் புது அட்டையை எனக்குக் காட்டினாள். இரண்டு பக்கமும் பச்சை.

"இனிமே திரும்பிப் பாத்தாலும் பச்சைதான் நைனா."

"செவப்பு?"

"அது தனி அட்டை. ரெண்டு பக்கமும் செவப்பு. சீட்டுக்கடியில இருக்குது."

மாப்பிள்ளை அவளை இறங்கிவரச் சொல்லி, அவளும் அவரும் டயரைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். நான் காரின் மறுபக்கம் போய், திறந்திருந்த கதவு வழியே சீட்டுக்கடியில் கையை விட்டுப் பார்த்தேன். இருந்தது. வெளியே எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கைக்கு இன்னும் சுலபமாக எட்டும்படி கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தேன்.