இடமிருந்து வலம்: சலோமி டீச்சர்

சலோமி டீச்சர் இறந்த செய்தி எனக்குப் படத்தோடு வந்தது. சேத்தியாத்தோப்பு வீட்டில் பால்காரருக்காகக் கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நெய்வேலியில் எங்களோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸப் குழுவில், வழக்கமாகக் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வருகிற இடத்தில், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு வரி. இரண்டாவது வரியை முடிப்பதற்குள் என் கண் மறுபடியும் படத்துக்குப் போய்விட்டது. முந்தானை வலது தோளில் கிடந்தது. செல்ஃபி எடுத்தால் சில போன்களில் இடம் வலம் மாறி விழும் அல்லவா, அப்படி. டீச்சர் பார்த்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார், தான் செத்துப்போனதைப் பற்றி அப்புறம்தான் பேசியிருப்பார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகே அழுகை வந்தது. இந்த முந்தானையின் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரிடம் வரலாறு படித்தவர்கள். விடைத்தாள் திருத்தும்போது மதிப்பெண்ணைவிடப் பெரிதாகக் கேள்விக்குறி போடுவார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். டவுன்ஷிப்பில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே. அவர் தூத்துக்குடிப் பக்கம், நான் தேனிப் பக்கம். ஆசிரியர் அறையில் அவருக்கு நான் தமிழய்யா, எனக்கு அவர் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு காலை கோயில், மதியம் கோழிக்குழம்பு, மீதி நேரமெல்லாம் பழைய போட்டோ. ஒரு கொய்யாமரமும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும் என்று சொல்லுவார். குவார்ட்டர்ஸில் அவை இரண்டும் இருந்தன.

அந்தக் காலத்தில் மிஷனரிகள் போன இடத்திலெல்லாம் காமிராவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடித் தகட்டில் எடுத்த அந்தப் படங்களை வெளிநாட்டு ஆவணக் காப்பகங்கள் இப்போது இணையத்தில் போட்டுவைத்திருக்கின்றன. டீச்சர் அவற்றில் விழுந்து கிடந்தார். ஆப்பிரிக்கா, சீனா, தென்கடல் தீவுகள், நம் ஊர். ஒருநாள் என்னை உட்காரவைத்து வரிசையாகக் காட்டினார். எங்கே போனாலும் ஒரே காட்சி. நடுவில் நாற்காலி, அதில் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் அவர் மனைவி, கீழே பாயில் உள்ளூர்க்காரர்கள். அடியில் நாற்காலிக்காரரின் பெயர் பட்டத்தோடு இருக்கும். மற்றவர்கள் “சில சுதேசக் கிறிஸ்தவர்கள்”.

“உங்க பாதிரியார்களுக்கு வேற போஸே தெரியாதா டீச்சர்?” என்று சீண்டினேன்.

“நாற்காலிக்குப் பேர் இருக்கு, பாய்க்குப் பேர் இல்லை. கவனிச்சீங்களா?” என்றார். “கிறிஸ்தவம் எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதத்தான் எல்லாருக்கும் ஆசை. வந்ததை யார் கை நீட்டி வாங்கினாங்க? அந்தக் கைக்குச் சொந்தக்காரி பேரென்ன? அதை எழுதினாத்தான் சரித்திரம்.” அதன் பிறகு உலகக் கிறிஸ்தவ வரலாறு என்று அவர் எதைப் பேசினாலும் அது இந்தப் பாயில்தான் வந்து உட்காரும்.

அப்படித் தேடிக்கொண்டிருந்தவருக்குப் பெயரோடு ஒரு படம் கிடைத்தது. கம்மாபுரம் பக்கம் ஒரு சிற்றூர். ஓலைவேய்ந்த சின்ன வேதக்கோயிலுக்கு முன்னால் ஐந்து பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலடியில் ஒரு சிறுமி சிலேட்டைப் பிடித்திருந்தாள். நாற்காலி இல்லை. கீழே ஆங்கிலத்தில் “இடமிருந்து வலம்: ஞானம், மரியாயி, ரூத், எஸ்தர், சாராள்” என்று எழுதியிருந்தது. டீச்சர் அன்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் “பாய்க்குப் பேர் வந்திருக்கு” என்றார். பாதிப் பேருக்குப் புரியவில்லை, ஜாங்கிரியைத் தின்றார்கள்.

அந்த ஊர் இப்போது இல்லை. சுரங்கத்துக்குப் போய்விட்டது. காலிசெய்து வந்த மற்ற ஊர்க்காரர்களாவது என்றைக்காவது போய் நின்று இங்கேதான் எங்கள் வாசல் இருந்தது என்று காட்டலாம். இவர்களுக்குக் காட்டத் தரையே இல்லை, தோண்டி எடுத்தாயிற்று. எங்கள் பள்ளியில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்க வந்த அஞ்சலை அந்த ஊர்க்காரி. டீச்சர் ஊர்ப்பெயரைச் சொன்னதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “எங்க ஊருதான் டீச்சரம்மா” என்றாள். “எங்க ஆயாவுக்கு ஆயா ஒருத்தங்க வேதத்துல சேந்து இருந்தாங்களாம். மரியாயின்னு பேரு. பின்னால வந்தவங்க எல்லாம் திரும்பவும் சாமி கும்புட ஆரம்பிச்சிட்டோம். ஆனா அவங்களுக்கு மட்டும் போகிக்குத் தனியா எல போட்டுப் படைப்போம்.”

ஊரும் போய், வீடும் போய், அந்த இலை ஒன்றுதான் அவர்களிடம் மிஞ்சியிருந்தது. டீச்சர் படத்தில் இடமிருந்து இரண்டாவதாக இருந்த பெண்ணைத் தனியாகப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மந்தாரக்குப்பத்தைத் தாண்டி அவர்கள் குடியேறியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். ஸ்கூட்டர் ஓட்டியது நான். அஞ்சலை படத்தைக் கையில் வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “எங்க அத்த மூக்கு அப்படியே இருக்குதே!” என்று அவள் புருஷன் ராசு வியந்தார். அன்றே பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டார்கள். ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கற்பூரம் காட்டுவதைச் சலோமி டீச்சர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தில் ஐந்து பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் இருந்தது. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். மதம் மாறிய பெண்கள் தங்களைத் தனியே காட்டிக்கொள்ளச் சேலைக்கட்டை மாற்றினார்கள் என்று கட்டுரை எழுதி, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் வாசித்தார். எனக்கு அன்றே சந்தேகம் இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினேன்.

சில பொங்கல்கள் கழித்து அந்தக் காப்பகத்திலிருந்து அதே படத்தின் தெளிவான நகல் வந்தது. டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மங்கலாக இருந்த இடமெல்லாம் துலங்கியது. ஓலையின் நுனி தெரிந்தது. சிறுமியின் சிலேட்டைப் பெரிதாக்கினார். சாக்கட்டியால் எழுதிய ஒரு ‘அ’ அதில் இருந்தது. அது கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தது.

முதலில் அவர் சிரித்தார். “தமிழய்யா, கண்ணாடித் தகட்டைப் புரட்டிப் போட்டு அச்சடிச்சிருக்காங்க. முந்தானையை யாருமே மாத்தலை. எல்லாரும் நம்மளை மாதிரிதான் கட்டியிருக்காங்க. என் கட்டுரை குப்பைக்குப் போச்சு.” அந்தக் கல்லூரிக்கு அப்போதே போன் செய்து கட்டுரை தவறு என்று சொன்னார். போனை வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. படம் புரண்டிருந்தால் இடமிருந்து இரண்டாவது ஆள் உண்மையில் நான்காவது ஆள். அஞ்சலை வீட்டில் மாலையோடு இருந்தது மரியாயி இல்லை, எஸ்தர்.

“விட்டுடுங்க டீச்சர்” என்றேன். “அவங்க கும்பிடுறது நம்பிக்கையை. நம்பிக்கைக்கு இடம் என்ன, வலம் என்ன? இனிமேல் போய்ச் சொன்னா அவங்க மனசுதான் உடையும்.”

“மரியாயிக்குப் போடுற பூவை எஸ்தர் வாங்கிட்டு இருக்கா. ரெண்டு ஆள் தள்ளி மரியாயி உக்காந்து பாத்துட்டு இருக்கா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்றார்.

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்ததும் போனோம். படத்தை நேராக்கி, இரண்டு பெண்களையும் தனித்தனியாக அச்சிட்டு எடுத்துவந்திருந்தார். சிலேட்டைக் காட்டி, எழுத்தைக் காட்டி, நிதானமாக எடுத்துச் சொன்னார். “தப்பு என்னுதும்மா” என்றார். அஞ்சலையின் மகள் தனலட்சுமி கொண்டுவந்த காபித் தம்ளர்கள் தட்டிலேயே இருந்தன.

“அப்ப இத்தினி பொங்கலா யாருக்குப் படச்சிக்கினு இருந்தோம்?” என்று அஞ்சலை கேட்டாள். குரலில் கோபம்தான் இருந்தது. டீச்சர் மரியாயியின் படத்தை அவள் கையில் கொடுத்தார். அஞ்சலை வெகுநேரம் பார்த்தாள். ஒல்லியான முகம், சற்று முறைத்த பார்வை. “இவங்களா? நம்ம சாட ஒண்ணும் இல்லியே டீச்சரம்மா” என்றாள். அப்போதுதான் அழுதாள். சொந்த ரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ என்று பார்க்க வேண்டியிருந்ததே, அந்த அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ராசு ஸ்டூலைப் போட்டுப் பழைய படத்தைக் கழற்ற ஏறினார். “இரு” என்றாள் அஞ்சலை. “டீச்சரம்மா, அந்த எஸ்தருக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?”

“எல்லா இடத்துலயும் தேடிட்டேன்மா. பேர் மட்டும்தான் இருக்கு.”

“அப்ப எறக்காத. இத்தினி வருசம் நம்ம வூட்டுல சோறு தின்ன பொம்பள. ஆளில்லாதவன்னு தெரிஞ்ச பொறவு நடுத்தெருவுல வுட்டுட முடியுமா? பக்கத்துல இவங்களையும் மாட்டு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரியாயியை இன்னொரு முறை பார்த்தாள். “பழகிக்கிறேன் டீச்சரம்மா” என்றாள்.

டீச்சர் பழைய படத்தை இறக்கச் சொல்லி, சட்டத்துக்குள் எஸ்தரின் நேரான படத்தை மாற்றிவைத்தார். மாலை பழையதுதான். திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் அழுதுகொண்டே வந்தார். சுரங்க லாரிகளின் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். “நான் இத்தனை வருஷமா எழுத முடியாததை அவ ஒரு வரியில சொல்லிட்டா” என்று வாசலில் இறங்கும்போது சொன்னார். அதன் பிறகு அவர் எழுதியவற்றில் ‘ஆகும்’ குறைந்து ‘ஆகலாம்’ கூடியது. நான் கேலி செய்தால், “சிலேட்டைப் பாக்காத வரைக்கும் எல்லாம் ஆகலாம்தான்” என்பார்.

ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எல்லாரும் தூத்துக்குடிக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார். கொய்யாமரத்தை மட்டும் எடுத்துவர முடியவில்லை என்று வருத்தப்பட்டார். போகி தவறாமல் அஞ்சலை வீட்டில் சாப்பாடு. கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், கூட இருந்ததும், கண்ணை மூடியபோது கையைப் பிடித்திருந்ததும் அஞ்சலைதான். நான் ஒருமுறை போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து ஊரில் இருந்துகொண்டு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அது இன்னும் நெஞ்சில் கனக்கிறது.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கினால் முக்கில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வாட்ஸப்பில் வந்த அதே படம். ஆள் உயரத்துக்கு நின்று சிரித்தார் டீச்சர், முந்தானை வலது தோளில். நேராக பிளெக்ஸ் கடைக்குப் போய்ப் படத்தைத் திருப்பி அடித்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“செல்ஃபி அப்படித்தாங்க வரும். மூஞ்சி நல்லாத்தானே இருக்குது, யாருங்க இதெல்லாம் பாக்கப்போறாங்க?”

“அவங்க பாப்பாங்க” என்றேன். அவர் கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பினார். அடக்கத்துக்கு முன்னால் புதிய பிளெக்ஸ் வந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் செய்து முடிக்கும்வரை அஞ்சலை குடும்பத்தோடு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு வந்து ஒரு பிடி மண் போட்டாள். கலைந்து போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“தமிழய்யா, டீச்சரம்மா படத்த அவங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல மாட்டலாம்னு இருக்கேன். வேதக்காரங்க ஆச்சே, கற்பூரம் ஏத்துனா தப்பா நெனப்பாங்களா?”

“ஏத்தும்மா. அந்தச் சுவத்துல ஏற்கெனவே ரெண்டு வேதக்காரங்க பழகிட்டாங்க” என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அங்கேயே நின்று அழுதோம்.

இந்த மலருக்காக டீச்சரின் படம் ஒன்றைக் கேட்டார்கள். ஒரு போகியன்று அஞ்சலை வீட்டில் ராசு எடுத்ததைக் கொடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் பார்க்க அனுப்பியிருந்தார்கள். கீழே “சலோமி டீச்சரும் சில உள்ளூர்ப் பெண்களும்” என்று போட்டிருந்தது. எழுதியவர் மேல் குற்றமில்லை, நாம் எல்லாரும் அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். அதை அடித்துவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான், எந்தப் படத்தையும் பெயர் எழுதாமல் விட இனி என்னால் முடியாது. படத்துக்குக் கீழே இப்படிப் போடச் சொல்லியிருக்கிறேன்:

இடமிருந்து வலம்: அஞ்சலை, சலோமி, தனலட்சுமி. பின்சுவரில், சட்டத்துக்குள்: மரியாயி, எஸ்தர். படம் எடுத்தவர்: ராசு.

டீச்சர், முந்தானைகளைப் பார்த்துவிட்டேன். ஐந்து பேருக்கும் இடது தோளில்தான் இருக்கிறது.