நூறு புளியங்கொட்டை

முறத்தில் கொட்டி எண்ணிய நூறு புளியங்கொட்டைகளை அக்கா என் கால்சட்டையின் இடது பையில் போட்டாள். நானும் ஒருமுறை எண்ணிக்கொண்டேன். எதையும் எண்ணாமல் வாங்க எனக்கு அப்போதே மனம் வராது.

"உங்க பாவா ஒரு தபா வேகமா ஓடினா, ஒண்ண எடுத்து வலது பையில போடு. இந்தப் பை காலியாச்சுன்னா அவரைக் கூட்டிகினு வந்துடணும். இல்லன்னா அந்த மட்டையை வெந்நீர் அடுப்புல வெச்சிடுவேன்" என்றாள்.

பாவா அக்காவின் கணவர், தறி நெய்பவர், எங்கள் திருத்தணி ஹாக்கி அணியின் சென்டர் ஹாஃப். அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு நிற்க நேரமே கிடையாது. முன்வரிசைக்குப் பந்து கொடுக்க முன்னால் ஓட வேண்டும். பந்து பறிபோனால் திரும்பிப் பின்னால் ஓட வேண்டும். அதையும் முதுகை வளைத்து, மட்டையைத் தரையோடு வைத்துக்கொண்டே ஓட வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக முடியாது. பாவாவோ விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

தறிக்கு விடுமுறை என்பதால் ஆட்டம் எப்போதும் அமாவாசையில்தான். ஆட்டத்தன்று காலையில் அணி முழுவதும் மட்டைகளோடு மலைப்படி ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும். பஸ்ஸில் வந்த பள்ளிப்பட்டு அணியினர் அந்நேரம் வேப்பமர நிழலில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்களின் தொடை ஏன் பிடித்துக்கொள்கிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை. நான் யோசித்தேன். படி ஏறியதற்காகச் சில கொட்டைகளைக் கழித்துவிடலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"சாமிக்கு ஏறினதெல்லாம் கணக்குல வராதுடா."

இடைவேளைக்கு முன்பே பாதிக்கு மேல் வலது பைக்குப் போய்விட்டது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கொட்டையும் போனது. பாவா கோட்டோரமாக வந்தபோது கத்தினேன்: "பாவா, கொட்டை தீந்துபோச்சு. வந்துடுங்க."

பந்து வெளியே போயிருந்தது. இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியவர் என்னிடம் வந்தார். என் வலது பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, இடது பையில் போட்டார்.

"இப்ப இருக்குது பார் மச்சான்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

கடைசி நிமிடத்தில் பள்ளிப்பட்டு ஆள் ஒருவன் பந்தோடு தனியாக எங்கள் கோலை நோக்கிப் பாய்ந்தான். பாவா பாதி மைதானம் துரத்திப் போய், விழுந்தபடியே மட்டையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார். விசில் ஊதியும் எழவில்லை. முழங்கால் சரியில்லாத நானே ஓடினேன். மண்ணில் மல்லாந்து கிடந்தவர், "இன்னும் எத்தினி மிச்சம்?" என்று கேட்டுச் சிரித்தார்.

வீட்டில் அக்கா இரண்டு பைகளையும் முறத்தில் கவிழ்த்து எண்ணினாள். நூறு சரியாக இருந்தது.

"கணக்கு சரிதான். நானும் மைதானத்தாண்ட பள்ளிக்கூட மதிலோரமா நின்னு பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள்.

பாவா குளிக்கப் போனபோது வெந்நீர் அடுப்பை எட்டிப் பார்த்தேன். சவுக்குக் கட்டைதான் எரிந்துகொண்டிருந்தது. மட்டை, மண் கழுவப்பட்டு, சுவரோரம் காய்ந்தது. அடுத்த அமாவாசைக்கு அக்கா எண்ணிக் கொடுத்தவை இருநூறு.

போன மாதம் பாவாவின் பேத்தி ஆடும் ஆட்டத்துக்கு நானும் அவரும் போயிருந்தோம். பச்சைச் செயற்கைத் தரை. கால் மணி நேரம் வீதம் நான்கு பகுதிகள். யார் வேண்டுமானாலும் வெளியே வந்து மறுபடி உள்ளே போகலாம். அவள் பனியனின் முதுகுப் பையில் ஒரு சிறு கருவி இருந்தது. ஓடிய தூரத்தையெல்லாம் அது சொல்லிவிடுமாம். பயிற்சியாளர் கையிலிருந்த திரையைப் பார்த்துவிட்டு அவளை வெளியே கூப்பிட்டார். அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாவாவுக்கு இல்லை. எண்பதைத் தாண்டியவர், என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"ஏன் மச்சான், அந்தப் பொட்டியை எடுத்து இன்னொரு பையில போட்டா ஆவாதா?"