பல் மறையும் ஆழம்

தெருவில் அவருக்கு 'வெந்நீர்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் பெயர்ப் பொருத்தம் அங்கேயே தெரிந்திருக்கும். தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். வீட்டின் பின்கட்டு அறையில் உட்கார்ந்து அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல்லை அடுக்கி, ரோஸ் நிற ஈறோடு முடித்துக் கொடுப்பார். கைவேலை அத்தனை நறுவிசு. வாய்தான் நெருப்பு.

முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு இருந்தார். செட் பொருந்தவில்லை என்று டாக்டர் குறை சொன்னபோது, "அச்சே கோணல், செட் எப்படி நேரா வரும்?" என்று கேட்டு, அந்த அச்சைத் தூக்கி டாக்டரின் மேஜைமேல் அடித்தார். அச்சு உடைந்தது. வேலை போனது. பின்னாலேயே வாடகை வீடும் போனது. மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். அங்கே ஏற்கெனவே அக்காவின் கணவர், படுக்கையில் கிடந்த மாமியார், படிக்க வந்து தங்கிய உறவுக்காரப் பையன்கள் என்று கால் நீட்ட இடமில்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டில் அடைத்து வைத்திருந்த தட்டுமுட்டுச் சாமானை வெளியே எடுத்துப் போட்டு, அறையைப் பெருக்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான். வந்தவர் தங்கிவிட்டார். பெண்கள் வளர்ந்து கல்யாணமாகிப் போனார்கள். அக்காவின் கணவரும் மாமியாரும் காலமானார்கள். இப்போது மாடியில் அக்கா, கீழே தம்பியும் அவர் மனைவியும்.

அவருடைய வேலை மேஜைக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அந்தத் தொட்டி.

வீடு கட்டும்போது சிமெண்ட் வேலைக்குத் தண்ணீர் தேக்க வெட்டியது அது. ஒன்றரைக் கட்டில் நீளம், இடுப்பளவு ஆழம். வேலை முடிந்ததும் மூடியிருக்க வேண்டும். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று அக்கா நாலு தங்கமீன் வாங்கி விட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அது 'குளம்'. தம்பிக்குத் 'தொட்டி', கோபம் வந்தால் 'சாக்கடை'. பெரும்பாலும் சாக்கடைதான்.

நாலு மீனோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. தெருவில் எந்த வீட்டிலாவது கண்ணாடித் தொட்டி வாங்கினால், விரல் நீளத்தில் வந்த மீன் கைநீளம் வளர்ந்ததும் அதற்கு இடம் போதாது. கொல்ல மனம் வராது. வைத்துக்கொள்ளவும் வழி இருக்காது. உடனே ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் வந்துவிடுவார்கள். அக்காவுக்கு 'இல்லை' என்ற சொல் நாக்கில் வராது. "விட்டுட்டுப் போங்க, பாவம்" என்பாள். தங்கமீனும் கெண்டையுமாகச் சேர்ந்தன. இரண்டும் அடிச்சேற்றை மூக்கால் கிளறி இரை தேடுகிற ஜாதி. மேலே மரத்திலிருந்து இலை விழும். வீட்டுக்கு வந்து போகிறவரெல்லாம் ரொட்டித்துண்டு போடுவார்கள். தின்றது போக மிச்சம் அடியில் அழுகும். தண்ணீர் கொதித்துப் போன டீ மாதிரி ஆகிவிட்டது. விடிந்தால் மீன்களெல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

இந்த வாய்களைப் பார்த்துக்கொண்டுதான் அவர் நாள் முழுக்க வாய்க்குப் பல் கட்ட வேண்டும்.

தொட்டியைப் பராமரிப்பது அவர் தலையில் விழுந்தது. யாரும் சுமத்தவில்லை, கண்ணெதிரே நாறினால் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? காலையில் எழுந்ததும் தொட்டித் தண்ணீரை வடிகட்டுகிற சின்ன மோட்டாரைத் தூக்கி, அதன் பஞ்சில் அடைத்திருக்கும் சேற்றைப் பல் செட் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவார். கழுவும்போது தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் வரிசையாகத் திட்டுவார். பஞ்சு சுத்தமாவதற்கும் தெரு முடிவதற்கும் சரியாக இருக்கும்.

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. கோணலாகிப் போன ஒரு மேல் பல் செட்டைக் கம்பியில் கட்டி, தொட்டிக்குள் மெல்ல இறக்குவார். எத்தனை விரல் ஆழத்தில் பல் மறைகிறது என்பதுதான் கணக்கு. நல்ல காலத்தில் முழங்கை ஆழம்வரை பல் இளித்துக்கொண்டு தெரியும். இந்தக் கோடையில் நாலு விரலுக்குள் மறைந்துவிட்டது.

"அக்கா, இறங்கி வந்து பாரு" என்று மாடிக்குக் கத்தினார். "பல்லே தெரியல. பாதி மீனை யாருக்காவது குடுத்தாகணும். இல்லேன்னா இந்த வெயிலுக்கு மொத்தமும் செத்து மிதக்கும்."

"யாருக்குக் குடுப்பே? வேண்டாம்னுதானே இங்க கொண்டு வந்தாங்க?"

"ஏரியில விடலாமா அண்ணி?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"ஏரியில விட்டா ஏரி மீனையெல்லாம் இது காலி பண்ணிடும்" என்று அவளிடமும் எரிந்து விழுந்தார். "அள்ளிக்கிட்டுப் போக மீன் பண்ணைக்காரன் இருக்கான். கூப்பிட்டா வருவான்."

"வெட்டித் தின்னவா? நம்பி விட்டுட்டுப் போனதுடா" என்றாள் அக்கா. பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் எதிர் வீட்டு டியூஷன் வாத்தியார் பக்கெட்டோடு வந்தார். உள்ளே இரண்டு கெண்டை, முழங்கை நீளம்.

"கண்ணாடியை முட்டி முட்டி மூக்கெல்லாம் புண்ணு, தம்பி. பார்க்க முடியல."

"அப்ப பார்க்காதீங்க!" என்று ஜன்னல் வழியே கத்தினார் இவர். "வாங்கும்போது இது வளரும்னு தெரியாதா? நாலு பேருக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறீங்க!"

வாத்தியார் அக்காவைப் பார்த்தார். அக்கா மாடிப்படியில் நின்றிருந்தாள். "விட்டுட்டுப் போங்க" என்றாள்.

அவர் பிரஷ்ஷை எறிந்துவிட்டு வெளியே வந்தார். "இடமே இல்லாத இடத்துல இன்னும் ரெண்டா? உனக்கு அறிவு இருக்காக்கா? இடம் இல்லைன்னா இல்லைன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெரியாதா உனக்கு?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கும் இடம் இல்லைடா" என்றாள். "சொல்லியிருக்கணும்னு சொல்றியா?"

வாத்தியார் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவினார்.

தம்பிக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா அதைச் சொல்லிக்காட்டியது அதுதான் முதல் தடவை. அன்று அவர் சாப்பிடவில்லை. "உங்களுக்கும் அண்ணிக்கும் நடுவுல மீன் எதுக்கு செத்துப்போகணும்?" என்று மனைவி கேட்டாள். அக்காவுக்குத் திருப்பிச் சொல்ல நல்ல பதில் ஒன்று தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காததால் ஆத்திரம் இன்னும் ஏறியது.

காலையில் மண்வெட்டியோடு தொட்டிக்குள் இறங்கினார். மீனைக் குறைக்க விடமாட்டாள் அல்லவா? சேற்றையாவது மொத்தமாக அள்ளிக் காட்டுகிறேன், அப்புறம் பேசட்டும்.

சேற்றை மொத்தமாக அள்ளக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? தெருவில் அதைப் பத்துப் பேருக்குச் சொன்னவரே அவர்தான். ஒரு மூலையை மட்டும் அள்ள வேண்டும். தண்ணீர் அடங்கிய பிறகு அடுத்த மூலை. அடியில் அடைந்து கிடக்கும் கெட்ட வாயு ஒரேயடியாகக் கிளம்பினால் மீனுக்கு மூச்சு நின்றுவிடும். ஆனால் அன்று மண்வெட்டியைப் பிடித்திருந்தது கோபம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பேச்சு. "விட்டுட்டுப் போங்களாம்!" ஒரு வெட்டு. "பாவமாம்!" இன்னொன்று. கறுப்புச் சேறு குபுகுபுவென்று பொங்கியது. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அது என்ன நாற்றம் என்று அவருக்கு உறைப்பதற்குள், காலருகே ஒரு மீன் வயிற்றை வெள்ளையாகக் காட்டிப் புரண்டது. பக்கத்தில் இன்னொன்று.

"அக்கா!" என்று கத்தினார். அந்தக் குரலில் கோபமே இல்லை. மாடியில் இருந்தவளுக்கு அதுதான் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கொசுவலையை உருவிக்கொண்டே ஓடி வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். வலையின் ஒரு முனை அவளிடம், மறு முனை இவரிடம். அள்ளி அள்ளிப் போட்டார்கள். முதல் நாள் பிடித்து வைத்த தண்ணீர் இருந்த பெரிய டிரம் நிறைந்தது. துணி ஊறவைக்கும் தொட்டி, குளிக்கிற பக்கெட், பிளாஸ்டர் கலக்குகிற கிண்ணம்வரை எல்லாம் நிறைந்தன. மனைவி மாடித்தொட்டித் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கினாள். இன்னும் மீன் இருந்தது, பாத்திரம் இல்லை.

அவர் அப்படியே தெருவுக்கு ஓடினார். இடுப்புவரை கறுப்புச் சேறு. வாத்தியார் வீட்டுக் கதவில் இரண்டு கையாலும் அடித்தார்.

"அந்தக் கண்ணாடித் தொட்டி எங்க?"

"அதை... காயவச்சு மேல ஏத்திட்டேனே, தம்பி."

"இறக்குங்க! கொண்டு வந்து தள்ளும்போது வழி தெரிஞ்சுதில்ல? சும்மா நிக்காதீங்க, இறக்குங்க!"

அதற்குப் பக்கத்து வீட்டில் பிளவுஸ் தைக்கிற அம்மா இரண்டு பக்கெட் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "எங்க வீட்டு மீனு இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

"பேரு எழுதி ஒட்டியா விட்டே? போய்ப் பாரு, செத்ததுல இருக்கான்னு!"

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தும் அவர் நிற்கவில்லை. கோபித்துக்கொள்ள இன்னும் பல வீடுகள் இருந்தன. எல்லாரையும் கோபித்து முடித்தால், மிச்சம் நிற்பவர் யார் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை வேகம்.

வெயில் ஏறியபோது பாதிக்குமேல் செத்திருந்தன. வாத்தியாரின் இரண்டு கெண்டையும் போயின. அக்கா முதலில் விட்ட நாலில் மிஞ்சியிருந்த ஒரே கிழட்டுத் தங்கமீனும் போனது. அதை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். அவர் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் திருப்பித் திட்டலாம். அக்கா மரத்தடியைக் காட்டி, "அங்க குழி வெட்டு. ஆழமா வெட்டு, நாய் தோண்டிரும்" என்று மட்டும் சொன்னாள்.

பாதி போகவேண்டும் என்று அவர்தானே கேட்டார்? பாதி போய்விட்டது.

தொட்டியை இறைத்து, கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போகும்வரை ஆறவைத்து, மிஞ்சியதைத் திரும்ப விட்டார்கள். தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. பல் எட்டு விரலில் தெரிந்தது. பிறகு முழங்கை ஆழத்தில். பிறகு தரையிலேயே கிடந்து இளித்தது. அந்த இளிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை செய்யும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மாடிக்கும் கீழுக்கும் பேச்சு வேண்டிய அளவுக்கு மட்டும் நடந்தது.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள், ஜன்னலுக்கு வெளியே வாத்தியாரின் குரல் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணும்மா. என் தங்கச்சி ஊர் மாறிப் போறா. அவ வளர்த்தது..."

பிறகு அக்காவின் குரல், தழைந்து, பழக்கமில்லாத சொல்லைத் தடவிச் சொல்வதுபோல்: "இடம் இல்லைங்க."

அவர் கையில் இருந்த மெழுகுக் கத்தி நின்றது. இத்தனை வருஷமாக அவள் வாயிலிருந்து வரவழைக்கப் போராடிய வார்த்தை. கேட்டதும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

"யாரு சொன்னது இடம் இல்லைன்னு?"

அக்கா திரும்பினாள். "நீதானேடா சொன்னே."

"நான் சொன்னா? நான் சொன்னதை என்னிக்குக் கேட்டே நீ, இன்னிக்குக் கேக்கறதுக்கு?" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தார். கம்பியை எடுத்துத் தொட்டிக்குள் இறக்கினார். வெள்ளைப் பல் அடிவரை தெரிந்தது. நடுவில் ஏழெட்டு மீன்கள் அவசரமில்லாமல் திரும்பின. வாத்தியார் கையிலிருந்த பக்கெட்டைப் பிடுங்கி, தண்ணீரின் சூடு சமமாகட்டும் என்று அப்படியே தொட்டியில் மிதக்க வைத்தார்.

"ஒண்ணு. இது ஒண்ணுதான். இனிமே ரொட்டியும் கிடையாது, பக்கெட்டும் கிடையாது. இன்னொரு தடவை வந்தீங்கன்னா, உங்க வாயில இருக்கறது யாரு செஞ்ச பல்லுன்னு ஞாபகம் இருக்கட்டும். கழட்டி வாங்கிப்பேன்."

வாத்தியார் தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா தொட்டி ஓரத்தில் வந்து குனிந்தாள். தரையில் கிடந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோணலா இருக்கேடா இது" என்றாள்.

"அச்சு கோணல்" என்றார் அவர், இன்னும் கோபம் அடங்காமல்.