ஊசி அக்காவிடம் மாட்டிய ஆறாம் பகுதி

ஊசி அக்கா என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊசி குத்துகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அங்கே அவள் ஓயாமல் சொல்வது இரண்டே இரண்டுதான். குத்துவதற்கு முன்னால், "வலிக்காது." குத்திய பிறகு யாராவது ரிசல்ட் எப்படி என்று கேட்டால், "டாக்டரைக் கேளுங்க." முதலாவது பொய் என்பது ஊருக்கே தெரியும். இரண்டாவதை அவள் தன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறியபோதுகூட மீறியதில்லை.

அப்படிப்பட்டவள் புத்தகக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது மகள் செய்த வேலை. உத்தியோகம் கிடைத்து வெளியூர் கிளம்பியவள், "சாயங்காலம் முழுக்க டிவியையே முறைச்சுட்டு உக்காராதம்மா" என்று நூலகத்தில் பேரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மாதம் ஒரு ஞாயிறு, நூலகத்தின் மாடியறையில், மொத்தம் ஆறு பேர். தலைமை தாங்கியவர் மருந்துக் கடைக்காரர். அந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். உலகமே படித்துத் திணறிய நாவல் என்று ஆயிரத்து நூறு பக்கத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார். மேஜை ஆடியது.

இருப்பது ஒரே பிரதி, கடையிலும் கிடைக்காது. ஆறு பேர் எப்படிப் படிப்பது? மருந்துக் கடைக்காரருக்கு மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்தே பழக்கம். நாவலையும் பிளேடால் ஆறு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டார். மாதாமாதம் அவரவர் துண்டை இடப்பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். ஆறு மாதத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் படித்துவிடலாம். முதல் துண்டு ஒருவருக்குத்தான் கிடைக்கும், மற்ற ஐந்து பேரும் நடுவில் குதிக்க வேண்டும் என்பது அந்த ஆறு தலைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

ஊசி அக்காவுக்கு வாய்த்தது கடைசித் துண்டு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. முதல் வரியிலேயே யாரோ ஒருவர் "அதற்காகத்தான்" அழுதார். எதற்காக? யாரைக் கேட்பது? ஒரு வாக்கியம் நாலு பக்கம் ஓடியது. மூச்சு வாங்கிக்கொண்டு முடிவுக்கு வந்து சேர்ந்தால், தொடக்கத்தில் பேசியது யார் என்பது மறந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் எழுதும் சீட்டே தேவலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கூட்டம் கூத்தாகிவிட்டது. நாவலின் நாயகர் செத்து மூன்று மாதமாகிறது என்று நூலகர் அம்மா சொல்ல, என் துண்டில் அவர் இப்போதுதான் கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார் என்று மருந்துக் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர்கள் பேசியது தாத்தாவையும் பேரனையும் என்றும், இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்றும் தெரிந்தது. நல்ல நாவலை எங்கேயிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்று மருந்துக் கடைக்காரர் சமாளித்தார். அவரும் திருதிருவென்று விழித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

முதல் துண்டு கிடைத்த பாக்கியசாலி டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊசி அக்காவுக்கு இடப்பக்கம் உட்காருகிறவர். அவருடைய துண்டில் ஒரு தகப்பன் கோபத்தில் மகனை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறான், மகனும் போய்விடுகிறான். அதைச் சொல்லும்போதே அவர் துண்டை மூடி வைத்துவிட்டார். ஏன் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். பயிற்சிக் காரை இடித்துவிட்டு வந்த தன் பையனை அவர் நாலு பேர் முன்னால் கை நீட்டி அடித்தார். அன்றைக்குப் போனவன்தான், மூன்று வருஷமாகிறது. ஊசி அக்கா தன் துண்டை அவரிடம் தள்ளவில்லை, இன்னும் முடிக்கவில்லை என்றாள். மூன்று தரம் முடித்தும் முடித்த மாதிரி இல்லாததால் அது பொய்யும் அல்ல.

அடுத்த வாரம் காலை ஏழு மணிக்கு வாத்தியார் வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். அவள் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் பகுதி உங்ககிட்டதானேம்மா இருக்கு? அந்தப் பையன் வீட்டுக்கு வந்துடுறானா?"

அவளுக்கு நிஜமாகவே தெரியாது. கடைசிப் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், தகப்பன் எழுந்து போய்த் திறக்கிறான், நாவல் அதோடு நின்றுவிடுகிறது. வெளியே நிற்பது மகனா, பால்காரனா, வெறும் காற்றா, எழுதின புண்ணியவானுக்குத்தான் வெளிச்சம். டாக்டரைக் கேளுங்கள் என்று இதற்குச் சொல்லவும் முடியாது. ஊசி கையில் இருந்தது, பழக்கம் முந்திக்கொண்டது.

"வந்துட்டான்ணா," என்று சொல்லிக் குத்தினாள்.

அவர் முகம் மலர்ந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுந்தவர் அடுத்ததைச் சொன்னார்: "அப்ப நானும் என் பையனுக்கு ஒரு போன் போட்டுப் பாக்குறேன். நம்பர் இருக்கும்மா, தைரியம்தான் இல்லாம இருந்துச்சு."

அன்றைக்கு மூன்று பேருக்கு நரம்பு பிடிபடாமல் இரண்டாம் தரம் குத்தினாள். வீட்டுக்குப் போய் கடைசிப் பக்கத்தை மறுபடி பிரித்தாள். கதவை மூன்று தரம் தட்டியதாக இருந்தது. அந்த மகன் முன்னால் எங்கேயாவது மூன்று தரம் தட்டியிருந்தால் இது அவனேதான். ஆனால் அது எந்தத் துண்டில், யாரிடம்? நூலகருக்குப் போன் செய்தாள். நூலகரின் துண்டில் கதவே இல்லை, முழுக்கப் படகில் நடக்கிறதாம். மருந்துக் கடைக்காரரின் துண்டிலோ எல்லாரும் எல்லாக் கதவையும் தட்டுகிறார்களாம். புரியாத ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை ஆசை காட்டி ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் நூலகர் கறாராகச் சொல்லிவிட்டார், ஒரு துண்டு நின்றால் ஆறும் நிற்கிறது என்று. ஊசி அக்கா ஆறாம் பகுதியை வாத்தியார் பக்கம் தள்ளினாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

இருபது நாள் கழித்து அவர் மறுபடி வெறும் வயிற்றோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பட்டையைக் கட்டாமலே நின்றாள்.

"அண்ணா, நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். அவன் வந்தானா இல்லையான்னு எனக்குப் புரியவே இல்ல."

"தெரியும்மா. நானும் நாலு தரம் படிச்சுட்டேன். எனக்கும் ஒண்ணும் புரியல."

புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே போன் போட்டுவிட்டதாகச் சொன்னார். பையன் எடுத்தான். எடுத்தவன் பேசவில்லை. மூச்சு விடுவது கேட்டதாம், பின்னால் பஸ் ஹாரன் கேட்டதாம். இவருக்கும் வாயில் வார்த்தை வரவில்லை. இரண்டு நிமிஷம் அப்படியே போயிருக்கிறது.

"அது வந்த மாதிரியா, வராத மாதிரியாம்மா?"

நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கினாள். "தெரியலண்ணா. நிஜமாவே தெரியல." பிறகு கேட்டாள்: "அவன்தான் போனை வெச்சானா?"

"இல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான்தான் வெச்சேன். அவன் முதல்ல வெச்சுடுவானோன்னு பயந்துட்டேன்."

அடப் பாவமே என்று இருந்தது அவளுக்கு. ஆறு துண்டையும் கரைத்துக் குடித்திருந்தாலும் இதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பட்டையைக் கட்டி இறுக்கினாள்.

"அடுத்த தடவை நீங்க வைக்காதீங்க," என்றாள். "கைய அசைக்காதீங்கண்ணா, கொஞ்சம் வலிக்கும்."